'புகைக்கு ஓட்டை விடணுமாக்கா?' - திருமயம் வீட்டில் ஒரே ராத்திரியில் எடுத்த அடுப்பு முடிவு

கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கலவை மெஷின் வந்து நின்றுவிடும். தளம் போட வேண்டியதுதான் பாக்கி. சாரத்திலிருந்து இறங்கிய கொத்தனார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறியபடியே கேட்டார்.

"அக்கா, அடுப்படிக்கு மேல புகைக்கு ஓட்டை விடணுமா, வேணாமா? இப்பவே சொல்லிப்புடுங்க. தளம் போட்டப்புறம் வந்து குடையச் சொன்னீங்கன்னா கம்பி அறுந்துரும். மழைக்கு ஒழுகவும் செய்யும்."

ஆறு அங்குல ஓட்டை. அவ்வளவுதான் விஷயம். ஆனால், அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை.

"விட்டுருங்க தம்பி. விறகடுப்பு ஒண்ணு கண்டிப்பா வேணும்" என்றார் ஆத்தா.

"வேணாம்ணே. காஸு இருக்கு, கரன்ட் அடுப்பு வாங்கிக்கலாம். புது வீட்டுல எதுக்குப் புகை?" என்றான் மகன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அய்யா, "இத்தனை வருஷம் விறகுலதானே ஆக்கித் தின்னோம். ஒண்ணும் ஆயிரலயே" என்று தன் ஓட்டையும் போட்டார்.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

"ராத்திரிக்குள்ள பேசி முடிச்சு எனக்கு ஒரு போன் அடிங்க" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் கிளம்பிவிட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது திருமயம். சேதுபதி மன்னர்கள் காலத்துக் கோட்டையும், அருகருகே இருக்கிற சிவன், பெருமாள் குடைவரைக் கோயில்களும் ஊருக்கு அடையாளம். தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். பெல் நிறுவனத்தின் ஆலை ஒன்று இங்கே மின் நிலையங்களுக்கான குழாய்களைச் செய்கிறது. அந்த ஊரில்தான், ஓர் அடுப்படிக்கு ஒரு குழாய் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

ஓட்டு வீட்டில் போன புகை

ஆத்தாவுக்கு வயது 62. 18 வயதில் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அப்போது இது நாட்டு ஓடு போட்ட வீடு. அடுப்படி தனியாகக் கொல்லைப்பக்கம் இருந்தது. செம்மண் பூசிய அடுப்பு, பக்கத்திலேயே கொடியடுப்பு, ஓர் ஊதாங்குழல், மூலையில் காய்ந்த கருவை விறகு. காலையில் அடுப்பு மூட்டினால் ஓட்டு இடுக்குகள் வழியாகப் புகை கசிந்து போவது தெருமுனையிலிருந்தே தெரியும். 'அந்த வீட்டுல உலை வச்சாச்சு' என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம் அது.

ஓட்டு வீட்டில் அப்படி ஒரு வசதி இருந்தது. கூரை முழுக்கச் சின்னச் சின்ன இடுக்குகள். சூடான புகை மேலே ஏறும், இடுக்கு வழியாகப் போய்விடும். எல்லாமும் போகாதுதான். சுவரும் பரணும் கறுத்துக் கிடந்ததே அதற்குச் சாட்சி. ஆனாலும் கொஞ்சமாவது போகும்.

கான்கிரீட் தளத்துக்கு அந்தத் தயவு கிடையாது. பத்தடி உயரத்தில் ஒரு மூடி போட்டது மாதிரி. ஏறிய புகைக்கு மேலே வழியில்லை என்றால் தளத்தில் தட்டித் திரும்பி, நிற்கிற ஆள் முகத்துக்கே இறங்கும். ஊர் ஊராக ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தள வீடு கட்டுகிறவர்கள் பலர், பழைய அடுப்பை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அடுப்பு அதேதான். மேலே இருக்கிற கூரைதான் மாறிவிட்டது.

கொத்தனார் கேட்ட கேள்விக்குப் பின்னால் இருந்த விவரம் இதுதான்.

ஷெஃபீல்டில் இருந்து வந்த அழைப்பு

சாயங்காலம் மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்து போனவர். இப்போது ஷெஃபீல்டு நகரத்தில் கணவரோடு ஒரு பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டதும், "வேணவே வேணாம் ஆத்தா! உன் இருமலுக்கு விறகடுப்பா?" என்று குரலை உயர்த்தினார்.

ஆத்தா அசரவில்லை. "அது சரி. உன் முதுகுக்குப் பின்னால சுவத்துல கறுப்பா ஒரு பொந்து தெரியுதே, அது என்னத்தா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கணப்பு. குளிருக்காக அந்தக் காலத்தில் வரவேற்பறைச் சுவரிலேயே கட்டிவைத்த அடுப்பு. திறந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். அதனால் இப்போது அந்தப் பொந்துக்குள் கச்சிதமாக உட்காருகிற மாதிரி இரும்புப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே புகைபோக்கிக்குள் ஏறுகிற எஃகுக் குழாய். சூடு அறைக்குள் தங்கும், நெருப்பு கண்ணாடி வழியாக அழகாகவும் தெரியும். மருமகன் அதில் ஒன்று வாங்கிவைக்க ஆசைப்படுகிறார்.

"நீ வச்சா அழகு, நான் வச்சா ஆபத்தா?" என்றார் ஆத்தா.

மகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமானதுதானே!

அந்த நாட்டுக்கும் புகையோடு பழைய பகை உண்டு. 1952 டிசம்பரில் லண்டனைச் சில நாள்கள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்றைக்கும் அங்கே பல நகரங்கள் 'புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி'கள். அங்கே அனுமதி பெற்ற அடுப்பில்தான் விறகு எரிக்கலாம். இங்கிலாந்தில் புகைபோக்கியிலிருந்து புகை தள்ளினால் 300 பவுண்டு வரை அபராதம் வரும். சில்லறையாக விற்கிற விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள்.

"இவ்வளவு விதி இருந்தும் நாங்க யோசிக்கிறோம் ஆத்தா" என்றார் மகள். காரணம், அவர் ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வு. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர் வீடுகளில் கருவி வைத்துப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அனுமதி பெற்ற அடுப்பாகவே இருந்தாலும், விறகு வைப்பதற்காகக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நுண்துகள் அறைக்குள் பாய்கிறது என்பதுதான் அது.

"இரும்புக் கதவு போட்ட அடுப்புக்கே இப்படி. நம்ம அடுப்புக்குக் கதவே கிடையாதே ஆத்தா."

231... 90... 82

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழகக் கிராமங்களில் 436 வீடுகளில் அளந்து பார்த்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நுரையீரல் வரை போகக்கூடிய நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

விறகு எரிகிற வீட்டில், சமைக்கும் நேரத்தில் அந்த அளவு 500 முதல் 2,000 வரை போனது. நாள் முழுவதுக்குமான சராசரியைப் பார்த்தால், விறகடுப்பில் சமைப்பவர் சுவாசித்தது 231. அதே விறகடுப்பு வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது 90. காஸ் போன்ற சுத்தமான எரிபொருள் இருக்கிற வீட்டில் இருப்பவர் சுவாசித்தது 82.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விறகு எரிகிற வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும், காஸ் வீட்டில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 90, 82. அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் 231.

'ஒண்ணும் ஆயிரலயே' என்று அய்யா சொன்னது பொய்யில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அவர் 90.

ஆத்தாவுக்கு மூன்று வருஷமாக இருமல். பனிக்காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டும். புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிவிட்டு, "பீடி, சுருட்டு பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். "அய்யய்யோ" என்று ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப விறகடுப்பா?" என்பது அடுத்த கேள்வி. "44 வருஷமா" என்றார் ஆத்தா. டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதி, இன்ஹேலர் கொடுத்தார். பீடியைத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம்.

அந்த இன்ஹேலரை ஆத்தா அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் எடுக்க மாட்டார். கூச்சம்.

வீட்டுக்குள் சமையல் புகையால் வரும் நோய்களில் உலகம் முழுவதும் 2020-ம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த வீட்டிலும் நாலு வயதில் ஒரு பேரன் இருக்கிறான். எந்நேரமும் அப்பத்தாவின் மடியில்தான் கிடப்பான். அப்பத்தா இருப்பது அடுப்படியில்.

'பைப்பு வச்சா சரியாப் போச்சு!'

"அதுக்குத்தானே ஓட்டை விடச் சொல்றேன். பைப்பு வச்சா புகை வெளிய போயிருமே" என்றார் ஆத்தா.

வாதம் சரிதான். இந்தியாவில் இந்த யோசனைக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே குழாய் வைத்த புகையில்லா அடுப்பை வடிவமைத்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிறகு 1980-களில் மத்திய அரசு, மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2002-ல் அது முடிகிற வரைக்கும் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன.

அதில் ஒன்று இந்த வீட்டுக்கும் வந்தது. ஆத்தாவுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். மண்ணும் சிமென்ட்டும் சேர்த்து ஆட்கள் வந்து கட்டிக்கொடுத்தார்கள். ஓட்டைப் பிரித்து சிமென்ட் பைப் ஒன்றை ஏற்றினார்கள். முதல் இரண்டு மாசம் கண்ணே எரியவில்லை. அப்புறம் பைப்புக்குள் கரியும் பிசினும் அடைத்துக்கொண்டது. மேலே போகிற புகை கீழே திரும்பியது. மழைக்குப் பைப்பைச் சுற்றி ஒழுகியது. சுத்தம் செய்யக் கூரை மேல் ஏற ஆள் வேண்டும். அடுப்புக்காகக் கூரை ஏற எந்த ஆம்பளைக்கும் நேரமில்லை.

"அந்தப் பைப்பு என்ன ஆச்சு அத்தை?" என்று மருமகள் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"உங்க மாமாதான் கழட்டிக் கொண்டுபோயி வாய்க்காத் தண்ணி போறதுக்குப் பதிச்சுட்டாரு."

திண்ணையில் செருமல் சத்தம் மட்டும் கேட்டது.

இது இந்த வீட்டுக் கதை மட்டுமில்லை. ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்து, நான்கு வருஷம் வரை தொடர்ந்து கவனித்தார்கள் பொருளாதார ஆய்வாளர்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன். இவர்களில் டுஃப்லோ 2019-ல் நோபல் பரிசு பெற்றவர். முதல் வருஷம் புகை குறைந்தது. அதற்கப்புறம் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பைப் பலர் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை. அடுப்பு கெட்டுப்போனதற்குக் காரணம் அடுப்பு மட்டுமில்லை. பைப்பைச் சுத்தம் செய்வது யார் வேலை என்று எந்த வீட்டிலும் முடிவாகவில்லை.

"சரி, இப்ப ஓட்டை விடுறோம், பைப்பு வைக்கிறோம். வருஷத்துக்கு நாலு தடவை மாடியில ஏறி யாரு சுத்தம் பண்ணுவா?" என்றான் மகன்.

அவன் வேலை பார்ப்பது திருப்பூரில், பனியன் கம்பெனியில். அய்யாவுக்கு முட்டி வலி. ஆத்தாவுக்கு மூச்சு. மிச்சம் இருப்பது மருமகள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

விறகுக்கு ஓ.டி.பி. கிடையாது

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் மருமகள் அந்தக் கேள்வியைக் கேட்டார். அன்று முழுக்க யாருமே கேட்காத கேள்வி அது.

"அத்தை, காஸு அடுப்பு இங்கதானே இருக்கு. அப்புறமும் எதுக்கு விறகு வேணுங்கிறீங்க?"

முதலில் குழம்பு ருசி என்றார் ஆத்தா. பிறகு, குளிக்க வெந்நீர் வைக்க காஸ் கட்டுப்படியாகாது என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால், அவை மட்டும்தானா? கொஞ்ச நேரம் கழித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவரே சொன்னார்.

"கஜா புயல் வந்துச்சே, நெனப்பிருக்கா? ஒங்களுக்கு அப்பக் கல்யாணம் ஆகல."

2018 நவம்பர் 16. புதுக்கோட்டை மாவட்டம் மறக்காத தேதி. மரமும் மின்கம்பமும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. சிலிண்டர் வண்டி வர வழியில்லை. ஆத்தா சாய்ந்து கிடந்த கிளைகளை ஒடித்துக் கொண்டுவந்து, தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார். "அன்னிக்கு அடுப்பு இருந்துச்சு. பசி தெரியல."

இன்னொன்றையும் சொன்னார். அது புயல் இல்லை. போன தை மாசம் நடந்தது.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மகன் திருப்பூரிலிருந்து பதிவு செய்தான். மூன்றாவது நாள் வண்டி வாசலில் வந்து நின்றது. பணமும் ஆத்தா கையில் இருந்தது. ஆனால், டெலிவரிக்கு வந்தவர் ஓ.டி.பி. கேட்டார். அந்த எண் மகனுடைய போனுக்குப் போயிருந்தது. ஷிஃப்ட்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. ஏழெட்டுத் தடவை அடித்தும் எடுக்கவில்லை. வண்டி போய்விட்டது. திரும்பி வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து, ஈர விறகை ஊதி ஊதி எரித்தார் ஆத்தா. அடுத்த வாரம்தான் டாக்டரிடம் போனது.

"கண்மாய்க் கரையில கருவை கெடக்கு. நான் போயி ஒடிச்சா நான் எரிக்கலாம். எவனையும் காசு கேக்க வேணாம், போன் அடிக்க வேணாம். சிலிண்டருன்னா ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். விறகுக்கு ஓ.டி.பி. கிடையாது தாயி."

மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தி.மு.க. அரசு 2006-ல் ஆட்சிக்கு வந்த பிறகு கொடுத்த இலவச அடுப்பில் ஆரம்பித்த இணைப்பு அது. ஆத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. புத்தகத்தில் ஒட்டியிருப்பதும் அவருடைய போட்டோதான். போன் நம்பர் மட்டும் அவனுடையது. 'அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது' என்று அவனே கொடுத்த நம்பர்.

புகை கெடுதல் என்று ஆத்தாவிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய நெஞ்சுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் அவர் விறகைக் கேட்டதற்கு, அடுப்படியில் அது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது என்பதே காரணம்.

"அம்மா, நம்பரை உன் போனுக்கு மாத்திரலாமா?" என்றான் மகன்.

"மாத்த முடியுமா?"

"முடியும். ஏஜென்சியில எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதான்."

ஆத்தா நம்பவில்லை. "அப்ப இத்தனை நாளா ஏன் மாத்தல?" என்றார்.

அதற்கு அவனிடம் பதில் இல்லை.

மூன்று நிபந்தனைகள்

மணி பத்தரை இருக்கும். ஆத்தா மூன்று நிபந்தனைகள் போட்டார்.

முதலாவது, நம்பர் அவருடைய போனுக்கு வர வேண்டும். இரண்டாவது, வீட்டில் எப்போதும் நிறைந்த சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது, 14.2 கிலோ சிலிண்டர் சென்னை விலையிலேயே 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்தப் பணம் மாசாமாசம் அவர் கைக்கு வந்துவிட வேண்டும், கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது. மூன்றாவது, விறகடுப்பு இருக்கும். வீட்டுக்குள் இல்லை, கொல்லையில்.

வெந்நீருக்கும், பொங்கலுக்கும், சொந்தபந்தம் கூடும்போது பெரிய குண்டானுக்கும் அந்த அடுப்பு. மூன்று பக்கம் திறந்து, உயரமாகத் தகரக் கூரை. சுவரை ஒட்டாமல், ஜன்னலுக்கு எதிரே இல்லாமல், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத மூலை. அந்த மூலை எது என்பது ஆத்தாவுக்குத்தான் தெரியும். 44 வருஷம் அந்தக் கொல்லைக் காற்றைப் பார்த்தவர் அவர்தானே.

"தினச் சமையல் உள்ள, காஸுல. அதுக்கு ஒனக்குச் சம்மதமா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குக் காலையில ஆறு மணிக்குள்ள டிபனும் சோறும் ஆகணும் அத்தை. ஊதாங்குழல் வச்சுக்கிட்டு ஆகாது" என்றார் மருமகள், சிரித்தபடி. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் 'ஆகாது' அதுவாகத்தான் இருக்கும்.

ஓட்டை வேண்டாம் என்று கொத்தனாருக்குப் போன் போனது. ஆனால் இன்னொன்று சேர்ந்தது. காஸ் அடுப்புக்கு நேர் மேலே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு சதுரம். தாளிக்கிற புகையும் புகைதானே.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறதா?

தள வீட்டுக்குள் விறகடுப்பு வைப்பதைத் தவிர்ப்பதுதான் நல்லது. வெளியே வைக்கிறவர்களும், வேறு வழியில்லாமல் உள்ளே வைக்கிறவர்களும் இவற்றைக் கவனித்தால் நுரையீரலுக்குப் பாரம் குறையும்.

பச்சை விறகை எரிக்காதீர்கள். எரிகிற சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை விரட்டவே போய்விடும், மிச்சம் புகையாக வரும். பிளந்து, மழை படாமல், தரையில் படாமல் அடுக்கி, மாசக்கணக்கில் காயவிட்ட விறகைப் பயன்படுத்துங்கள். இரண்டு விறகைத் தட்டினால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். 'பொத்' என்றால் இன்னும் காயவில்லை.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் அடுப்பில் போடக் கூடாது. நெருப்பு பற்றவைக்க பாலித்தீன் பை வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

குழாய் வைத்தால், அது கூரையைத் தாண்டி மூன்றடியாவது மேலே நிற்க வேண்டும். உள்ளே படிகிற கரிப்பிசின் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் அதைச் சுரண்டி எடுக்கிற வேலை யாருடையது, எந்த மாசம் என்று குழாய் வைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தணல் இருக்கிற அடுப்பையோ, கரிச்சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை மலைப் பிரதேசங்களில் இருந்து படித்திருப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்புக்கு முன்னால் நிற்கப்போவது யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சிலிண்டர்

ஆவணியில் தளம் போட்டார்கள். ஐப்பசியில் பால் காய்ச்சினார்கள். காஸ் அடுப்பில்தான் பால் பொங்கியது. ஆனால், அன்றைக்கு ஊருக்குச் சாப்பாடு கொல்லை அடுப்பில் ஆனது. அடுப்புக்குப் பக்கத்தில் ஆத்தாவை உட்காரவிடவில்லை. தூரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'விறகை உள்ள தள்ளு', 'சாம்பலை அள்ளு' என்று மகனையும் அய்யாவையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். புகை கண்ணில் பட்டு அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஆத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை.

இருமல் முழுசாகப் போகவில்லை. அது போகிற நோயில்லை, கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். ஆனால், இன்ஹேலர் இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் திட்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

ஷெஃபீல்டில் மகள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு அந்தக் கணப்புக்குள் ஒரு குத்துவிளக்கை வைத்துப் போட்டோ அனுப்பியிருக்கிறார். "இதுவே நல்லாத்தானே இருக்கு" என்று ஆத்தா வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். சிலிண்டர் வண்டி வாசலில் நின்றது. டெலிவரிக்கு வந்தவர் வழக்கம் போல வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி இருக்காரா? ஓ.டி.பி. வேணும்" என்றார்.

"தம்பி எதுக்கு? இங்கன வாங்க" என்றார் ஆத்தா.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த ஒவ்வோர் எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார்.